தர்ஷினி இழுத்து வைத்த கதிரை

பேய் பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால், தேத்தண்ணீர் போடுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். பேயை விரட்ட நூல் கட்டுவது, கழிப்புக் கழிப்பது எல்லாம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அதுவும் பிள்ளைகளின் மனதைப் பார்க்கிற தொழிலுக்கு வந்த பிறகு, பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு பட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் குறை நினைக்கமாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் பெரிதாகச் சிரித்திருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாகத்தான் லண்டனுக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு சின்ன விஷயம், அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை, பஸ்ஸிலோ ரயிலிலோ எனக்குப் பக்கத்துச் சீட்டில் யாரும் வந்து உட்காரமாட்டார்கள். சனம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கும், என் பக்கத்தில் இடம் சும்மா கிடக்கும். நிறத்தைப் பார்த்துத்தான் விலகுகிறார்கள் என்று முதலில் கொதித்தேன், பிறகு கவனித்தால் எங்கள் ஆட்களும் வருவதில்லை. என்னோடு அறையில் இருந்த வசந்தி, "உம்மட நல்லெண்ணெய் மணத்துக்கு ஆர் கிட்ட வருவினம்?" என்று பகிடி பண்ணுவாள். எண்ணெய் வைப்பதையும் விட்டுப் பார்த்தேன். பிறகு அது பழகிப் போய்விட்டது.

சில வருடம் ஆசிரியையாக வேலை செய்துவிட்டு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கல்வி உளவியலில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தேன். பட்டத்தின் பெயர்தான் பெரிது, வாரத்தில் பாதி பல்கலைக்கழகத்தில் வாசிப்பு, மீதி கவுன்சில் அனுப்புகிற பள்ளிக்கூடங்களில் பயிற்சி. பேசாத பிள்ளை, படிக்கத் திணறுகிற பிள்ளை, அடங்காத பிள்ளை என்று போய்ப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று சொல்லவேண்டும். நான் பிழையாகச் சொன்னால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பிவிடும். அந்தப் பயத்தோடுதான் நான் ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலுக்குள்ளும் நுழைவேன். எனக்கு வழிகாட்டியாக மார்கரெட் என்றொரு வெள்ளைக்காரி, நல்ல மனுஷி, ஆனால் கண்டிப்பு.

இல்ஃபோர்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தர்ஷினி என்றொரு ஏழு வயதுப் பிள்ளை. வீட்டில் வாய் ஓயாது, பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. இரண்டு வருடமாக அப்படி. பள்ளிக்கூடத்துக்குப் பொறுமை போய்விட்டது, தூரத்தில் இருக்கிற விசேட பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று அநேகமாக முடிவே செய்துவிட்டார்கள். தமிழ் தெரிந்தவள் என்பதால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். அவளுடைய அம்மா சாந்தி பள்ளிக்கூட வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், என்ரை பிள்ளைக்கு விசரில்லை. வீட்டை வந்து பாருங்கோ, அவளின்ரை வாயை மூட ஏலாது. வான் வண்டியிலை ஏத்தி எங்கையோ தூரத்துக்கு அனுப்பினா, பிறகு அவள் ஒருநாளும் வாய் திறக்கமாட்டாள். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"அழாதேங்கோ சாந்தி, நான் பாக்கிறன்," என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கே நம்பிக்கை இல்லை.

முதல் நாள் ஒரு சின்ன அறை தந்தார்கள். ஒரு மேசை, மேசையோரம் இருக்க இரண்டு கதிரை, ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. தர்ஷினி உள்ளே வந்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பக்கத்தில் பார்த்தாள், பிறகு மூலையில் கிடந்த இன்னொரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள். அந்த நேரம் முழுக்கச் சொல்வதெல்லாம் செய்தாள், கட்டைகளை அடுக்கினாள், படம் வரைந்தாள், பேச்சுமட்டும் இல்லை, கண் என் முகத்துக்கு வரவே இல்லை. என் தோளுக்கு இடப்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டொரு தரம் அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். பேசாத பிள்ளைகள் ஆளின் கண்ணைப் பார்க்கமாட்டார்கள், இது எங்கள் பாடத்தில் முதலாவது பக்கம். நானும் அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மார்கரெட் நல்ல அவதானிப்பு என்று பாராட்டினார்.

அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தடவையும் அந்த மூன்றாவது கதிரை வந்துவிடும். பிள்ளைகளுக்கு இப்படிச் சின்னச் சின்னப் பிடிவாதம் இருக்கும் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது விளையாட்டு நேரத்தில் பார்ப்பது. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பக்கூடாது, இரண்டு பேர் இரண்டு பக்கத்தில் இருந்து ஒரே பிள்ளையைப் பார்க்கவேண்டும், இடையில் கதைக்கக்கூடாது, முடிந்த பிறகு இருவரும் கண்டதை மட்டும்தான் எடுக்கலாம். அன்றைக்கு நான் முற்றத்து வாங்குப் பலகையில் இருந்தேன், வகுப்பு உதவியாளர் டோரீன் கதவடியில் நின்றார். மாசி மாதக் குளிர், ஆனால் நல்ல வெயில், பட்டப்பகல். தர்ஷினி வேலியோரம் குந்தியிருந்தாள், அவளுக்கு முன்னால் இன்னொரு பிள்ளை, கொஞ்சம் மூத்தது, எனக்கு முதுகு காட்டியபடி. ஒற்றைப் பின்னல், மெல்லிய பருத்திச் சட்டை, காலில் வெறும் றப்பர்ச் செருப்பு. இந்தக் குளிருக்குள் கோட் போடாமல் ஒரு பிள்ளையை வெளியே விட்டிருக்கிறார்களே, இவர்களுக்கு அறிவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சின்னக் கல்லுகளை மேலே எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஊரில் நாங்கள் வெட்டின அதே கொக்கான். அப்போதுதான் தர்ஷினியின் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

"உங்கடை கல்லு விழுந்திட்டுது! இனி நான்தான்!"

நம்பினால் நம்புங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பேசுகிறது, அதுவும் பள்ளிக்கூட முற்றத்தில், சத்தமாக!

மணி அடித்ததும் டோரீனிடம் ஓடினேன். அவருக்கும் அதே சந்தோஷம், தர்ஷினி பேசியதைத் தானும் கேட்டதாகச் சொன்னார், தமிழ் என்றபடியால் விளங்கவில்லையாம். விளையாடிய மற்றப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டேன். எந்தப் பிள்ளை என்று திருப்பிக் கேட்டார். தர்ஷினி தனியாக இருந்து கல்லை எறிந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாளாம். இந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு தமிழ்ப் பிள்ளையே இல்லையாம். ஒருவேளை நீ களைத்துப் போயிருப்பாய் என்று சொல்லி எனக்கு ஒரு பிஸ்கட்டும் தந்தார்.

முதுகு சில்லென்றது எனக்கு, பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் முறை இருக்கிறதே, அது என்னைக் காப்பாற்றியது. பிள்ளை பேசியதை இரண்டு பேரும் கேட்டோம், ஆகவே அது உண்மை. மற்றப் பிள்ளையை நான் ஒருத்தி மட்டும் கண்டேன், ஆகவே அது கணக்கில் இல்லை. மார்கரெட்டும் அதையேதான் சொன்னார். அந்த ஒரு அவதானிப்பைப் பிடித்துக்கொண்டு, தர்ஷினியை மாற்றுவது பற்றிய கூட்டத்தில் நான் போராடினேன், பேசுகிற பிள்ளையை ஏன் மாற்றவேண்டும் என்று கேட்டேன். கடைசியில் தர்ஷினி அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது. சாந்தி விம்மி விம்மி அழுதார், நானும் அழுதேன்.

என் வேலை முடிந்தது. தர்ஷினியிடம் பயணம் சொல்லப் போனேன். அதே அறை, அதே மூன்று கதிரை. அன்றைக்குத்தான் தர்ஷினி என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மிஸ், நீங்கள் இனி வரமாட்டீங்களோ?"

"இல்லையம்மா, இனி நீர் கெட்டிக்காரி, நான் தேவையில்லை."

"அப்ப அவவை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ."

"ஆரை?"

"உங்களோடை வாறவவை." பக்கத்துக் கதிரையைக் காட்டினாள். "எனக்கு அவ வேணும் மிஸ்."

நான் அந்தக் கதிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மாட்டேன் என்றது. பிள்ளையின் கற்பனையை மறுக்காதே, அதன் கூடப் போ என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நானும் படித்ததைத்தான் செய்தேன். சிரித்துக்கொண்டு, "சரி, அவவுக்கு விருப்பமெண்டா உம்மோடை நிக்கட்டும்," என்றேன். தர்ஷினி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓமாம், நிக்கிறாவாம்," என்றாள்.

பஸ்ஸில் ஏறினேன். அடுத்த தரிப்பிலேயே ஒரு கிழவர் ஏறினார், பஸ்ஸில் வேறு இடமும் இருந்தது, நேராக வந்து என் பக்கத்தில் தொப்பென்று இருந்தார், மழை நாள் என்று ஏதோ சொன்னார். எனக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது, ஏன் என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து எனக்குப் பக்கத்துச் சீட் நிரம்பாத நாளே இல்லை. அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, எனக்கு முன்னமோ பின்னமோ ஏதாவது பிள்ளை தவறியதா என்றுகூடக் கேட்டேன். "உமக்கென்ன விசரே? நீர் ஒண்டுதானே எனக்கு," என்று ஏசினார். என்னோடு வந்தது யார், ஏன் வந்தது, எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வருடம் இல்ஃபோர்ட் கடைத்தெருவில் சாந்தியைக் கண்டேன். கை நிறையச் சாமான் பைகள். தர்ஷினி வகுப்பில் கை உயர்த்திப் பதில் சொல்கிறாளாம், கிறிஸ்மஸ் நாடகத்தில் பேசினாளாம். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். போகிற நேரம் சாந்தி பைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஒண்டுதான் மிஸ் விளங்கேல்லை. பஸ்ஸிலை எவ்வளவு சனமெண்டாலும் அவளுக்குப் பக்கத்துச் சீற்றிலை ஒருத்தரும் இருக்கினமில்லை. சரி, இடம் சும்மாதானே கிடக்கு எண்டு நான் பையை வைக்கப் போனா, வைக்க வேண்டாமாம், கத்துறாள்."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது, சொல்லுங்கள்?