சங்கு ஊதினால் யார் உள்ளே

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் கடிகாரம் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. ஃபேக்டரி சைரனைத்தான் சங்கு என்போம். காலையில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. சாயங்காலச் சங்கு ஊதியதும் ஃபேக்டரி கேட்டைத் திறப்பார்கள். அவ்வளவுதான், ரோடு முழுக்க சைக்கிள். கேரியரில் டிபன் பாக்ஸ் கடகடக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஆண்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு ஆறு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பத்தொன்பது. மார்க்கெட் பக்கம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். லோயர் பாஸ் செய்தாயிற்று, அடுத்த மாதம் ஹையர் பரீட்சை. அதை முடித்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு ஃபேக்டரியில் சேர்ந்தவர். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள்தான். சோற்றுத் தட்டின் விளிம்பில்கூட அவள் விரல்கள் டைப் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவள் வகுப்பு முடிந்து வரும்போது சங்கு ஊதிவிட்டது. சைக்கிள் கூட்டத்தில் ஒருவன், கடந்துபோகிற சாக்கில் அவள் இடுப்பைக் கிள்ளிவிட்டுப் போனான். அவள் தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை. ஓடிப்போய் கேரியரைப் பிடித்து இழுத்தாள். அவன் சைக்கிளோடு விழுந்தான். என் கணவரோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்க்கிற ஆள். "கூட்டத்துல தெரியாம கை பட்டுச்சி" என்று சொல்லி மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கே குழாயடியில் பஞ்சாயத்து ஆரம்பமானது.

"சங்கு ஊதற நேரத்துல வயசுப் பொண்ணுக்கு ரோட்ல இன்னா வேலை?"

"அந்தப் பளபளா தாவணி வேற."

"கிள்ளினா கிள்ளிட்டுப் போறான்னு வரணும். சைக்கிளப் புடிச்சி இழுத்து ஊரையே கூட்டிட்டா!"

அவனைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மழை பெய்தது, குடை எடுத்துப் போகாதது உன் குற்றம் என்கிற மாதிரி பேசினார்கள். நான் குடத்தை ணங்கென்று வைத்து, "கிள்ளினது யாரு? அதப் பேசுங்களேன்" என்றேன். என் வாய்க்குப் பயந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். ஆனால் எங்கள் வரிசையில் சட்டம் வந்துவிட்டது. சாயங்காலச் சங்குக்கு முன்னால் வயசுப் பெண்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வகுப்பே நின்றுபோனது. காலை பேட்ச்சில் மெஷின் காலி இல்லை.

அவள் அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "பரீட்சை என்னக்கா ஆகறது?"

"உனுக்கு இன்னாம்மா, உன் பொண்ணு சின்னது. இதுக்கு நான் மாப்ள பாக்கணும். நாலு பேரு நாலு விதமா பேசினா யாரு வருவான்?" என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. உள்ளே அந்தப் பெண் டிரங்குப் பெட்டி மூடியின்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் என் வாசலில் பிள்ளைகள் புது விளையாட்டு ஒன்று ஆடினார்கள். என் பையன் இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து ஊஊ என்று சங்கு ஊதுவான். பெண் பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஓட வேண்டும். வெளியே மாட்டிக்கொண்டவளுக்கு முதுகில் ஒரு அடி. என் பெண் கால் தடுக்கி நின்றுவிட்டாள். அண்ணன்காரன் ஓங்கி வைத்தான். அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏன்டா அடிச்ச?"

"சங்கு ஊதிட்டேன்ல? அவ ஏன் வெளிய நின்னா?"

யாரும் அவனை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. குழாயடிப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான். நாலு சாத்து சாத்தலாமென்று கை பரபரத்தது. அடித்தால், பலசாலி அடிக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

என் கணவரின் சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். நல்ல மனிதர்தான். வந்ததும் பையனை இழுத்துப் பிடித்து, முள்முள்ளான தாடியை அவன் கன்னத்தில் தேய்ப்பார். அவன் கத்துவான், பெரியவர்கள் சிரிப்பார்கள்.

"அந்த மாமா தாடி தேய்க்கறது உனக்குப் புடிக்குமா?"

"எரியும்."

"விடுங்கன்னு சொல்றதுதான?"

"சொன்னாலும் வுட மாட்டாரு. எல்லாரும் சிரிக்கறீங்க."

"அப்ப நீ ஏன்டா ஹால்ல நின்ன? ஹால்ல நின்னது உன் தப்புதான?"

"அது நம்ம வீடும்மா!" என்று கத்தினான். கண் நிறைந்துவிட்டது.

"இது தங்கச்சிக்கும் வாசல்தான்டா. அந்த ரோடு எதிர்வீட்டு அக்காவுக்கும் ரோடுதான். உன் உடம்பு உன்னோடது, அவங்க உடம்பு அவங்களோடது. வேணாம்னு சொன்னா விட்டுடணும். சிரிச்சிக்கிட்டே சொன்னாலும் விட்டுடணும். பேசாம நின்னா சரின்னு அர்த்தம் கிடையாது."

எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தானாகவே எழுந்துபோய்த் தங்கையின் முதுகைத் தடவப் போனான். அவள் "தொடாத" என்றாள். கையை இழுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாடிக்காரர் வழக்கம்போலக் கையை நீட்டியபோது, "விட்டுடுங்கண்ணே, அவனுக்குப் புடிக்கல" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. காப்பியைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார். என் கணவர் என்மேல் பாய்ந்தார். "ஒரு தாடிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

"இன்னிக்கு இவன் வேணாம்னு சொல்றத நாம கேட்டாத்தான், நாளைக்கு ஒருத்தி வேணாம்னு சொல்றத இவன் கேப்பான்" என்றேன்.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போய், "நான் கொண்டுபோய் விட்டு நானே கூட்டிட்டு வரேன், என்னை நம்பி அனுப்புக்கா" என்று கெஞ்சினேன். எப்படியோ சம்மதித்தாள். வகுப்பு முடிந்து நாங்கள் திரும்பும்போது சங்கு ஊதியது. சைக்கிள்கள் எங்களை உரசிக்கொண்டு போயின. அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"யக்கா, எனுக்குத் துணையா நீ வர. அந்தாளுக்குத் துணையா யாரு போறாங்க?"

ராத்திரி சோறு போடும்போது அதே கேள்வியைக் கணவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவர் அதிகம் பேசாதவர். அடுத்த நாள் செக்‌ஷனில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த ஆளிடம் சொல்லிவிட்டார். சங்கு ஊதினாலும் நீ உள்ளேயே உட்கார். ரோடு காலியான பிறகு கிளம்பு. அந்தப் பெண்ணின் பரீட்சை முடிகிறவரைக்கும், இன்னும் ஒரு வாரத்துக்கு, இப்படித்தான். அவன் சைக்கிள் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது தாடிக்காரராம். அதற்குப் பிறகு அவள் தனியாகவே போய்வந்தாள்.

பரீட்சை நல்லபடியாக முடிந்தது. பிற்பாடு பாஸ் செய்து அந்த வேலைக்கும் போனாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலம் என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தாளு இன்னிக்கு அழுதுட்டான்டி. எல்லாரும் ஊட்டுக்குப் போறாங்க, நான் மட்டும் உள்ள உக்காந்துகினு கீறேன், ஊர்ல இன்னா நெனப்பாங்க, நான் இன்னா ஜெயில்லயா கீறேன்னு கேக்கறான்."

சிரிக்கவைக்கலாமென்று உடனே எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிலான்னு ஒரு வாரத்துலயே கேட்டுட்டான் பாரேன்" என்றாள். "எனுக்குக் கேக்கவே தோணலக்கா."