அண்டி ஆபீஸில் இரண்டு மேஸ்திரிகள்

கைகளை விரித்து, இரும்புக் கதவை முதுகால் மறித்துக்கொண்டு மேஸ்திரி அக்கா நின்ற காலை நேரம் ஒன்று என் நினைவில் அப்படியே இருக்கிறது. ஆடி மாதச் சாரல். கதவுக்கு வெளியே, பலாமரத்தின் கீழே, என் நாத்தனார் சேலை முந்தானையால் மூடிப் பிடித்திருந்த என் ஏழு மாதக் குழந்தை அழுதுகொண்டிருந்தாள். எத்தனை பிள்ளைகள் அழுதாலும் தன் பிள்ளையின் அழுகை தாய்க்குத் தனியாகக் கேட்கும். பால் கசிந்து என் ரவிக்கை நனைந்துவிட்டிருந்தது. "எனக்க பிள்ளை கரையுது அக்கா, ஒரு நிமிசம் விடுங்க" என்று கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போவாண்டாம் பிள்ளே. மணி அடிக்கட்டு" என்றார். மத்தியான மணி அடிக்க இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அன்று அவரை வெறுத்தது போல நான் வாழ்க்கையில் வேறு யாரையும் வெறுத்ததில்லை.

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கருங்கலுக்குப் பக்கத்தில் கொல்லத்து முதலாளி ஒருவர் நடத்திய முந்திரிப்பருப்புத் தொழிற்சாலையில் முந்நூறு பெண்கள் வேலை செய்தோம். தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முந்திரிக்கொட்டையை அண்டி என்போம்; அதனால் அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். காலையில் கஞ்சித் தூக்கோடு நடக்கும்போது யாராவது எங்கே என்று கேட்டால், 'ஆபீஸுக்கு' என்று நாங்கள் சொல்வதில் ஒரு மிடுக்கும் இருந்தது. வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் வைத்துச் சிறு மரக்கட்டையால் தல்லிப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு தல்லுவோம். சாம்பலையும் மீறி விரல்கள் கறுத்துத் தோல் உரியும்.

மேஸ்திரி அக்கா எங்களோடு வரிசையில் உட்கார்ந்து பத்து வருஷம் தல்லியவர். அவருக்கு முன்பிருந்த மேஸ்திரி விலகியபோது அவரை அந்த இடத்தில் போட்டார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் எங்களோடு மீன் குழம்பைப் பகிர்ந்து சாப்பிட்டவர், திங்கட்கிழமை தனியாக நின்று சாப்பிட்டார். நாங்கள் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. அவர் வரிசைக்குப் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட 'மேஸ்திரி' என்றார்கள், அதுவும் ஏசுவது போல. அவர் ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீளக் கொட்டகையில் மேற்கே போவார், கிழக்கே வருவார், குனிந்து ஒருத்தியின் கையைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். கை வெந்துபோனவளை ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுப்பி, பருப்பின் தோல் உரிக்கும் கொட்டகைக்கு அனுப்புவார். அங்கே எண்ணெய் கிடையாது, கை ஆறும். ஆனால் அவள் மட்டும் என்ன ஒசத்தி என்று மற்றவர்கள் முணுமுணுப்போம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கை வெந்தால் எல்லாரையும் எங்கே அனுப்புவது என்று நாங்கள் யோசித்ததில்லை.

அந்த ஆடியில்தான் கொல்லத்திலிருந்து புது மேனேஜர் வந்தார். பருப்பு களவு போகிறது, பெண்கள் நினைத்தபோதெல்லாம் வெளியே போவதால் வேலையும் கெடுகிறது என்று சொல்லி, காலை மணி அடித்ததும் கதவைப் பூட்டச் சொன்னார். மத்தியானம் வரை மேஸ்திரியைத் தவிர யாரும் வெளியே போகக் கூடாது. அதுவரைக்கும் பால் கொடுக்கிற தாய்மார்கள் பத்து மணி வாக்கில் ஓடிப்போய்ப் பிள்ளையை அமர்த்திவிட்டு வருவது வழக்கம். யாரும் அதைச் சட்டமாக எழுதிவைக்கவில்லை, யாரும் தடுத்ததும் இல்லை. புதுச் சட்டத்தை நடத்திக்காட்ட வேண்டியவர் மேஸ்திரி அக்கா. ஒன்பது நாள் நடத்திக்காட்டினார். அந்த ஒன்பது நாளும் நாங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டுத் திரும்பவும் கட்டையை எடுத்தோம்.

பத்தாம் நாள் காலை அவர் மேனேஜரின் அறைக்குள் போனார். அவர் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை, மேனேஜரின் குரல்தான் கேட்டது. சற்று நேரத்தில் அவர் திரும்பி வந்தார். நேராக என் பக்கத்தில் வந்து நின்று, "மாறி இரி ஏட்டி, இடம் தா" என்றார். நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார், என் சாம்பலில் கொஞ்சம் எடுத்துக் கையில் பூசிக்கொண்டார், தல்ல ஆரம்பித்தார். "என்ன அக்கா?" என்று கேட்டேன். "எனக்கு இது பற்றாது, என்னால ஏலாதுண்ணு சொல்லியிட்டு வந்தேன். அவருக்க வேலையை அவரு பாக்கட்டு" என்றார். பத்து நாளாக அவரைச் சபித்த வாய்கள் எதுவும் திறக்கவில்லை. நானும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்துத்தானே வந்தாய் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

அன்று மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஏழாம் வகுப்பு வரை படித்தவள், மலையாளமும் தமிழும் வாசிப்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளை முதல் நீ மேஸ்திரி என்றார். நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இதை எப்படியாவது நல்லபடியாக எழுதிவிடலாம் என்று பலமுறை முயன்று பார்த்தேன், முடியவில்லை. உண்மை இதுதான்: மேஸ்திரிக்குக் கதவு திறக்கும். மறுநாள் காலை முதல் மத்தியானம் வரை மூன்று முறை நான் வெளியே போய்ப் பலாமரத்தின் கீழே உட்கார்ந்து என் மகளுக்குப் பால் கொடுத்தேன். பக்கத்தில் வேறு பிள்ளைகள் அழுதன. சேலையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

என்னிடமும் பேச்சு நின்றது. நானும் உட்காராமல் நடந்தேன். உட்கார்ந்தால் யார் பக்கத்தில் உட்காருவது? யார் கையைப் பார்ப்பது, யாரை எழுப்புவது, எழுப்பாதவளுக்கு என்ன சொல்வது என்று இரவில்கூட மனம் கொட்டகையிலேயே அலைந்தது. பழைய மேஸ்திரி அக்கா மட்டும் என்னிடம் சாதாரணமாகப் பேசினார். அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நான்காம் நாள், முதல் பிரசவம் முடிந்து வந்து ஒரு மாதமும் ஆகாத ஒரு பெண் எழுந்து கதவுக்கு வந்தாள். வெளியே அவள் பிள்ளை அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அவள் என்னையே பார்த்தாள். நான் கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். கைகளை விரித்தேனா என்பது நினைவில்லை. "மணி அடிக்கட்டு பிள்ளே" என்று சொன்ன குரல் என்னுடையதுதான்.

அப்போது பழைய மேஸ்திரி அக்கா வரிசையிலிருந்து எழுந்து வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், காரியம் அதோடு முடிந்திருக்கும். அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து என் காலடியில் தரையில் உட்காரவைத்தார், தானும் உட்கார்ந்தார். "செரி, மணி அடிக்கட்டு. அதுவரைக்கும் நாங்க இஞ்ச இரிக்கிறோம்" என்றார். "எழும்புங்க அக்கா, அவரு வருவாரு" என்றேன். "வரட்டு" என்றார். இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். பிறகு மூன்று பேர். பிள்ளை பெறாதவர்களும், பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமானவர்களும் வந்தார்கள். கட்டைகளின் சத்தம் மழை விடுவது போல மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் முழுதுமாக நின்றது. அந்த ஆபீஸில் பகல் நேரத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வெளியே அழுகிற பிள்ளைகளின் குரல் மட்டும் உள்ளே தெளிவாக வந்தது.

சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் மேனேஜர் வெளியே வந்தார். வறுத்துக் குவித்த கொட்டை அப்படியே கிடந்தது. உட்கார்ந்திருந்தவர்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, எழுப்பு இவர்களை என்றார். இந்தப் பக்கம் முந்நூறு பேர், அந்தப் பக்கம் அவர், நடுவில் கதவில் சாய்ந்தபடி நான். எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற பயத்தில்தான் வாயைத் திறந்தேன். வெளியே போகக் கூடாது என்றால் பிள்ளைகளை உள்ளே கொண்டுவர விடுங்கள், கிணற்றுப் பக்கம் ஒரு ஓலைக் கொட்டகை போட்டால் போதும், கதவு பூட்டியே இருக்கட்டும் என்று மலையாளத்தில் சொன்னேன். அவர் கொட்டைக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று உள்ளே போனார். இரண்டு நாளில் கொட்டகை எழும்பியது. கம்புகளில் சேலைத் தொட்டில்கள் கட்டினோம். அந்தப் பெண் முதல் தொட்டிலில் தன் பிள்ளையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

பெயர் எனக்குத்தான் கிடைத்தது. முதலாளி கொல்லத்திலிருந்து வந்தபோது தொட்டில்களைப் பார்த்து, நல்ல காரியம் செய்தாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். கொட்டை வரத்து நின்று ஆபீஸை இரண்டு மாதம் மூடித் திரும்பத் திறந்த அன்று, வேலைக்கு எடுக்கும் பெயர்களின் பட்டியலை வாசிக்கும்படி மேனேஜர் என் கையில் கொடுத்தார். வாசித்துக்கொண்டே வந்தேன். பழைய மேஸ்திரி அக்காவின் பெயர் வரவேண்டிய இடத்தில் வேறு பெயர் இருந்தது. என் குரல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த பெயரை வாசித்தேன், அதற்கடுத்ததையும் வாசித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கஞ்சித் தூக்கோடு தேங்காய்ப்பட்டணம் போகும் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

நான் மேஸ்திரியாகவே இருந்தேன். அடுத்த நான்கு வருஷமும் எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவளைப் போலவே நடந்தேன். எங்கள் தாலூகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்த சமயத்தில், கருங்கல் சந்தையில் ஒரு நாள் அவரைப் பார்த்தேன். கூட்டத்தில் ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே கையைப் பிடித்தார். "ஏட்டி, மெலிஞ்சு போனியே. பிள்ளை பள்ளிக்கூடம் போவுதா?" என்றார். வருகிற வருஷம் சேர்க்க வேண்டும் என்றேன். தேங்காய்ப்பட்டணம் பக்கம் கயிறு திரிக்கிற ஒரு பண்டகசாலையில் வேலை செய்வதாகச் சொன்னார். அங்கேயும் அவரை மேஸ்திரி ஆக்கியிருந்தார்கள். "மொதல் நாளே ஒருத்தியை ஏசினேன் பிள்ளே. வீட்டுக்குப் போனா சோறு எறங்கல்ல. நீ எப்பிடிச் சமாளிக்கிய?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் புரிந்துகொண்டார். "அது கெடக்கட்டு. நீ வாசிக்காட்டி வேறொருத்தி வாசிப்பா. ஒண்ணு சொல்லுதேன் கேளு. அண்ணு நீ கதவுல சாஞ்சு நிண்ணப்பம் உனக்க காலு ரெண்டும் கிடுகிடுண்ணு விறச்சுது. கீழ இருந்த எனக்குத் தெரிஞ்சுது. இவ மறிக்க மனசில்லாதவ, கொஞ்சம் நேரம் இருந்தா போதும்ணு அதைக் கண்டுதான் இருந்தேன். விறைக்காதவளா இருந்தா நான் எழும்பிப் போயிருப்பேன்." நான் அன்று சுவர்போல நின்றதாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. யாரை எழுப்புவது, யாரை விடுவது, ஏசிய பிறகு எப்படிப் பேசுவது என்று இரண்டு பேரும் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவது பஸ்ஸில் ஏறிப் போனார்.

மறு திங்கட்கிழமை மேனேஜரின் அறைக்குப் போனேன். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அவர் கோபப்பட்டால் என்ன சொல்வது, வேலையை விட்டுப் போ என்றால் என்ன சொல்வது என்று எல்லாமே தயாராக இருந்தது. இனிப் பகலில் கதவைப் பூட்ட வேண்டாம் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, ஏதோ மறந்துபோன சின்ன விஷயத்தை ஞாபகப்படுத்தியது போல என்னைப் பார்த்தார். "பூட்டண்டா" என்றார். மறுபடி எழுத ஆரம்பித்தார்.

நான் அங்கேயே நின்றேன். இன்னும் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லைதான். இப்போது என் மகள் ஒரு அலுவலகத்தில் முப்பது பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறாள். மேலே உள்ளவர்களிடம் ஒன்றைக் கேட்கத் தயங்கி, சோறு இறங்காமல் இருக்கிற நாட்களில் என்னைக் கூப்பிடுவாள். கேட்டுப்பார் மகளே என்று மட்டும் சொல்வேன். நான்கு வருஷம் அந்தக் கதவைப் பற்றி நான் கேட்கவே இல்லை என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.