பஞ்சாங்கம் பார்த்த டிக்கெட் ஏஜெண்ட்

மாட்டுங்காவில் விமான டிக்கெட் எடுத்துத் தரும் ஏஜெண்ட் அவர். நெற்றி நிறைய விபூதி; எச்சில் விரலால் பஞ்சாங்கம் புரட்டும் அருவருப்பான பழக்கம்.

மகன் ஜெர்மனிக்குப் படிக்கப் போக வேண்டும். திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் போய்விடும். பாஸ்போர்ட் பத்து நாளில் முடிகிறதே என்றேன்.

"போய் இறங்கற வரைக்கும் இருந்தாப் போறும் ஸார். இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. தசமியன்னிக்கு பேஷா அனுப்புங்கோ."

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே, இன்னும் சில மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்று சொல்லி மகனைத் திருப்பி அனுப்பினார்கள். ஏஜெண்டிடம் ஓடினேன்.

"நல்ல நாள்ங்கறது இதுதான் ஸார்! வேற நாளா இருந்தா, ஏத்திண்டு போய் அங்கேன்னா பிடிச்சிருப்பான்?"

இடம் போயிற்று. மறு வருடம் மகன், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, வேறு ஏஜெண்டிடம் டிக்கெட் எடுத்தான். நான்தான் அவனுக்குத் தெரியாமல் இந்த மூடரிடம் போய், அந்தத் தேதி எப்படி என்று கேட்டுவிட்டு வந்தேன்.