மாமாவைத் தூளாக்கிய கதை

என் மாமாவைத் தூளாக்கியது நான்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு டோல்கேட் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடைத்திறப்பு என்று வருகிற முகங்களில் பருவை நீக்கி, கன்னத்தை வெளுத்து, பின்னால் ஒரு பனிமலையை நிறுத்துவதுதான் வேலை. இரண்டே வாரத்தில் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்த வித்தையைப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கவாட்டில் நிற்கிறாள். அவள் முதுகு பொடிப்பொடியாக உடைந்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. அவளோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செய்முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆளை மட்டும் வெட்டி எடுத்து இரண்டு நகல் போட வேண்டும். ஒரு நகலின் தோளைப் பிடித்து, பரோட்டா மாவை இழுப்பதுபோலப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் அது பெரிய கறையாகிவிடும். அந்தக் கறையை முழுக்க மறைத்துவிட்டு, பிரஷ் தொடுகிற இடத்தில் மட்டும் துளித்துளியாக எட்டிப்பார்க்க விடவேண்டும். அதே பிரஷ்ஷால் இன்னொரு நகலின் ஓரத்தைக் கொறித்தால் ஆள் தூள்.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பிரஷ்ஷின் புள்ளி வடிவத்தில்தான் இருக்கிறது. சிடியில் இருந்தது உருண்டை உருண்டையாக, ஆள்மீது கடுகு தாளித்துக் கொட்டியதுபோல வந்தது. கடையில் இன்டர்நெட் கிடையாது. நானே ஒரு பிரஷ் செய்வதென்று முடிவுசெய்து, புள்ளிகளுக்காக ரவையை ஸ்கேன் செய்தேன்; ரவை மாதிரியே இருந்தது. அப்புறம்தான் மொட்டைமாடி ஞாபகம் வந்தது. எங்கள் வீடு ராயபுரத்தில், ஹார்பர் சுவருக்கு இரண்டு தெரு தள்ளி. காய்ந்த துணியை இரண்டு உதறு உதறித்தான் மடிப்போம். காலையில் ஒரு வெள்ளைத்தாளை மாடியில் விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், ஒன்றைப்போல் ஒன்றில்லாத ஆயிரம் கரும்புள்ளிகள். தாளைத் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன்.

"ஸ்கேனர் கண்ணாடில என்னத்தம்மா கொட்டுன?" என்று துடைத்துக்கொண்டே கேட்டார் அண்ணாச்சி.

"டிசைன் அண்ணாச்சி."

இந்த நேரத்தில்தான் மாமாவுக்குக் கல்யாணம் கூடியது. அம்மாவின் தம்பி. ஹார்பரில் நிலக்கரி இறங்கும் பெர்த்தில் லாரிகளைக் குறித்துக்கொள்ளும் வேலை. தோஸ்துகள் அவரைக் கரிமூட்டை என்று கூப்பிடுவார்கள். அவரும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவார். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அப்பா ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அவர் யானைக்கவுனியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுபவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

"மாப்ளைக்கு வேற செக்‌ஷன் எதுனா மாத்தல் கெடிக்குமா? பொண்ணு சுத்தபத்தமா வளந்தது, அதான்."

மாமா சிரித்துவைத்தார். அன்றிலிருந்து பழைய டூத்பிரஷ்ஷால் நகக்கண்ணைத் தேய்க்க ஆரம்பித்தார். அவருக்கு அப்பாவைவிடப் பெண்தான் கவலை. அவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அப்பா கேட்டது அவள் சொல்லிக்கொடுத்ததா இல்லையா என்பது தெரியாமல் மனுஷன் ஒரு மாதம் பேஜாராகக் கிடந்தார்.

"பாப்பா, ரிசப்ஷன் பேனர் உன் பொறுப்பு. என் மேல ஒரு புள்ளி தூசு கூடாது. அவங்க ஆளுங்கோ மண்டபத்துல நொழைஞ்சதும் மொதல்ல அத்தான் பாப்பாங்க."

"கண்ணாடி மாதிரி வெக்கிறேன் மாமா."

வைத்தேன். சத்தியமாக வைத்தேன். கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ரெடிமேட் கறுப்புக் கோட்டுப் படத்தை அவர் கழுத்துக்குக் கீழே பொருத்தி, முகத்தை உரித்த முட்டையாக்கி, பக்கத்தில் பெண்ணின் ஸ்டுடியோ போட்டோவை வைத்து முடித்தபோது வெள்ளிக்கிழமை மதியம். இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரம்தான் கெடுத்தது. அவ்வளவு பெரிய கறுப்புக் கோட்டு. கையிலோ அப்பேர்ப்பட்ட பிரஷ். தோள் ஓரத்தில் கொஞ்சம், ஒரு அழகுக்கு என்று தொட்டேன். தோள் போனது. முழங்கை போனது. பாதி மார்பு போனது. பெண்வீட்டார்மேல் கை வைக்கத் துணிவில்லாததால் பெண்ணை விட்டுவிட்டேன். சந்தோஷத்தில் அடுக்கடுக்காக இருந்த லேயர்களை எல்லாம் ஒன்றாக்கி, சுத்தமான படத்தின் மேலேயே அதே பெயரில் சேமித்தும்விட்டேன்.

அண்ணாச்சி எட்டிப்பார்த்தார். "என்னம்மா இது, மாப்பிள்ளயச் செல்லரிச்சிட்டா?"

"புது ஸ்டைல் அண்ணாச்சி. தூளா இல்ல?"

"தூளாத்தான் இருக்கு. முழுசா இருந்தாத்தான கல்யாணம் பண்ண முடியும்?"

சொன்னாரே தவிர, அடுத்த வேலை காத்திருந்ததால் மெஷினில் ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை காலை தெருவிலேயே பேனரை விரித்தோம். கூட்டம் கூடிவிட்டது.

"இன்னா மாமு, தாலி கட்றதுக்குள்ளயே கரைஞ்சிகினு கீற?" என்றார் மாமாவின் தோஸ்து.

"ஒரு சைடு நல்லாத்தான் கீது. அந்த சைடுல பொண்ண நிக்க வெச்சிக்கலாம்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

மாமா குந்தி உட்கார்ந்து, முகத்தை பேனருக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது கரி" என்றார்.

"இல்ல மாமா, எஃபெக்ட்டு."

"யாராண்ட சொல்ற? நைசா இருந்தா எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பலு. இது மூலமூலையா ஒடைஞ்சி கீது பாரு. எங்க பெர்த்து கரி இது."

தொழில் தெரிந்தவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. மாடி, வெள்ளைத்தாள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பிரஷ் அவ்வளவு துல்லியமாக வந்திருப்பதில் உள்ளூர ஒரு பெருமை வேறு.

"ஒண்ணே ஒண்ணுதான பாப்பா கேட்டேன்" என்று எழுந்து உள்ளே போனார். சற்றுநேரத்தில் குளியலறையிலிருந்து நகம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பெருமையெல்லாம் அந்தச் சத்தத்தோடு போயிற்று.

"இன்னாடி மசமசன்னு நிக்கிற, போய் வேற பண்ணிகினு வா" என்று அம்மா விரட்ட, கடைக்குச் சைக்கிளில் பறந்தேன். சுத்தமான மாமாவைத்தான் நானே அழித்தாயிற்றே. மூலப் போட்டோவிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வேலைகளுக்கு நடுவில் என் பேனரைச் செருகினார். மை வாசனை போகாத ஃப்ளெக்ஸைச் சுருட்டி கேரியரில் கட்டிக்கொண்டு திருவொற்றியூர் மண்டபத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது மணி நாலு.

தாமதம். வீட்டிலிருந்து சாமான் ஏற்றிய வேனில் பழைய பேனரும் வந்திருக்கிறது. விவரம் தெரியாத பந்தல்காரர் அதை வாசலிலேயே கட்டிவிட்டார். பெண்வீட்டு வேனும் வந்துவிட்டது. பேனருக்கு எதிரே பெண், பக்கத்தில் அவள் அப்பா. இரண்டடி தள்ளி மாமா, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"இன்னா மாப்ள, பிரிண்டு சரியா வுழலியா?" என்று கேட்டார் அப்பா.

ஆமாம் என்று சொல்லுங்கள் மாமா, என்று மனதுக்குள் கெஞ்சினேன். தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடைக்காது.

மாமா பேனருக்கு ஓரடி கிட்டே வந்தார். "சரியாத்தான் வுழுந்துகீது மாமா. அது கரி. நான் வேலை செய்ற எடத்து கரி. மாத்தல்லாம் கெடிக்காது."

பெண்ணின் அப்பா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெண் மாமாவின் படத்தைப் பார்த்தாள். தன் படத்தைப் பார்த்தாள். மறுபடி மாமாவின் படத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஏன் ஒண்ணும் பறக்கல?"

யாருக்கும் புரியவில்லை.

"அவருக்கு மட்டும் ஸ்டைலா போட்டுட்டு, என்னை ஹால் டிக்கெட் போட்டோ கணக்கா ஒட்டி வெச்சிகீறீங்க. யாரு செஞ்சது இது?"

"சும்மா இரும்மா" என்றார் அப்பா.

"நீ இருப்பா. மாத்தலு கீத்தலுன்னு நீ கேட்டப்பவே நான் சும்மாத்தான் இருந்தேன்."

மாமா என்னைக் கைநீட்டிக் காட்டினார். ஒரு மாதமாகத் தேய்த்து, முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கை, நகத்தோடு வெளியே வந்துவிட்டது.

"நீயா? நாளைக்குக் காலைல முகூர்த்தத்துக்குள்ள எனக்கும் போட்டுக் குடு" என்றாள் என்னிடம். "முந்தானைல ஆரம்பி. மூக்குத்திகிட்ட வராத."

"அதே கரியா?" என்று கேட்டார் மாமா.

"பின்ன, ஆளுக்கொரு கரியா போடுவாங்க?"

கேரியரில் இருந்த சுத்தமான பேனரைப் பிரித்துக்கூடப் பார்க்க ஆளில்லை. அதோடேயே சைக்கிளைத் திருப்பினேன். கடையில் அண்ணாச்சி விளக்குப் போட்டுச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"இன்னும் யாரும்மா பாக்கி?"

"எங்க அத்தை, அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டேன்.