வம என்றால் இடது

கப்டன் அக்கா காலையில் தொலைபேசி எடுத்தபோது நான் துறைமுகத்தை ஒட்டிய தொழிற்சாலையில் ஒரு மோட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஹொக்கி அணியின் அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கான பயிற்சி முகாம் கொழும்பில் தொடங்குகிறது, முன்வரிசையில் ஓர் இடம் எனக்காக வைத்திருக்கிறார்கள், பெயர்கள் இன்று மாலை போகின்றன, வருவாயா என்று சிங்களத்தில் கேட்டார். மாலையில் சொல்கிறேன் என்றேன். இந்த முறை போகாவிட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என்னைவிட வேகமாக ஓடுகிற பிள்ளைகள் பின்னால் நிற்கிறார்கள்.

நான் மின்பராமரிப்புப் படித்தவள். பழுது வந்தால் காரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இல்லாததை வெட்டிக்கொண்டு போவது என் வேலை. மோட்டரை மூடியபிறகு, போக மனம் வராத இந்தக் களைப்பையும் அப்படித்தான் மனதில் எழுதிப் பார்த்தேன். முதலில் முழங்கால்: அறுந்து தைத்த சவ்வு, படியிறங்கும்போது இன்னும் தன்னை நினைவூட்டும். அடுத்தது கொழும்பு பஸ். திருகோணமலையில் செயற்கைப் புல் தரை கிடையாது. இங்கே மண்ணில் ஓடிப் பழகிவிட்டு கொழும்புக்குப் போனால், தண்ணீர் அடித்த தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணும் கையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். பிறகு லீவு. நான் விளையாடப் போகும் நாட்களில் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பவர் முகம் சுளிக்கமாட்டார். அவர் சுளித்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

இவை எதையும் வெட்ட முடியவில்லை. ஆனால் இவை எல்லாம் முன்பும் இருந்தவைதான், அப்போது போனேன். கடைசியாக ஒன்று மிஞ்சியது. முன்பெல்லாம் கோல் வட்டத்துக்குள் பந்து வந்தால் வயிற்றுக்குள் ஏதோ எழும்பும். காயத்துக்குப் பிறகு விளையாடிய ஆட்டங்களில் அது எழும்பவில்லை. பந்து வந்தது, அடித்தேன், ஒருமுறை கோல்கூட விழுந்தது. மற்றவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது, சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டதே என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

நாட்டுக்காக விளையாடுவது என்றால் ஆட்கள் வேறு எதையோ நினைக்கிறார்கள். நான் கண்ட வெளிநாடு இதுதான்: விமான நிலையத்துக் கதிரை, பஸ், ஈரச் சப்பாத்து நாறும் ஹோட்டல் அறை, தலைமுடி காயவைக்கும் கருவியால் அந்தச் சப்பாத்தைக் காயவைத்தல், மைதானம், தோல்வி, திரும்பவும் பஸ். வென்றதும் உண்டு. தோற்றதுதான் அதிகம்.

முதல் பயணத்தின் முதல் ஆட்டத்தில் நடந்ததை அணியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்போது என் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுதான். அணியில் வேறு தமிழ்ப் பிள்ளை இல்லை. வட்டத்தின் விளிம்பில் பந்து என்னிடம் இருந்தது. இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்ததை நான் காணவில்லை. வலப்பக்கம் நின்ற கப்டன் கண்டுவிட்டார். "வம! வம!" என்று கத்தினார். வம என்றால் சிங்களத்தில் இடது. கத்தும்போது அது நீண்டு "வமா" என்று வந்தது. பின்னேரங்களில் அம்மா வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான் கேட்கும்: வாம்மா. நான் பந்தோடு திரும்பி நேரே கப்டனிடம் ஓடினேன். நடுவில் நின்ற எதிரணிக்காரி பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் கப்டன் ஏன் என்று கேட்டார். நீங்கள்தானே வரச் சொன்னீர்கள் என்று தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். விளங்கியதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த ஆட்டத்திலிருந்து இடது என்பதற்கு எல்லாரும் ஆங்கிலத்தில் கத்தினார்கள். "வாமா" எனக்கு மட்டும் ஆனது. பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, மைதானத்துக்கு, எல்லாவற்றுக்கும் வாமா. அது என் பெயர் போலவே ஆகிவிட்டது.

ஷிப்ட் முடிந்து சைக்கிளில் உப்புவெளிக்கு வந்தபோது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தொலைபேசி வந்ததைச் சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்தவில்லை.

"கோயிலுக்குப் போனா எல்லாரும் என்னட்டைத்தான் கேக்கினம், உங்கட மேள் அடுத்தது எந்த நாட்டுக்கெண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"உடுப்புத் தோய்க்கப் போறாள் எண்டு சொல்லுங்கோ."

"அதை ஒருத்தரும் நம்பாயினம்." பிறகு, "போன முறை போன இடத்தில கடல் இருந்ததோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை அம்மா. பாக்கேல்லை."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவ்வளவு தூரம் போய் கடல் இருக்கோ இல்லையோ எண்டும் பாக்கேல்லையெண்டா, உனக்குப் பசிக்கேல்லை பிள்ளை. பசிக்காதவைக்கு நான் சோறு போடுறேல்லை." போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. துருவிய தேங்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் அறைக்குப் போய் ஹொக்கி மட்டையை எடுத்துப் பார்த்தேன். பிடியில் சுற்றியிருந்த நாடா கழன்று தொங்கியது. முகாம் என்றால் முதலில் அதைத்தான் மாற்றுவேன். புது நாடா அலுமாரிக்குள் இருந்தது. எடுக்கக் கை போகவில்லை.

வெயில் தணிந்தபோது கப்டன் திரும்பவும் எடுத்தார். நான் முடிவைச் சொல்வதற்குள் அவர் கதைக்கத் தொடங்கினார். அறையில் என்னோடு யார் படுப்பது, முழங்காலுக்கு யாரிடம் காட்டலாம் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார். கடைசியில் சிங்களத்தை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"வாமா."

அவர் வரச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் சிங்களம் இப்போது நல்லாயிருக்கிறது. காதில் விழுந்தது வேறு: வம. இடப்பக்கம். அங்கே ஒருவரும் இல்லை, அங்காலே போ.

"ஏலாது அக்கா," என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு சிங்களத்திலும் சொன்னேன், தெளிவாக இருக்கட்டும் என்று.

அவர் சிரிக்கவில்லை. காலோ என்று கேட்டார். கால் இல்லை என்றேன். தானும் அதிக காலம் விளையாடப்போவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, "ஹரி நங்கி," என்றார். சரி தங்கச்சி என்பது அதற்கு அர்த்தம். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

குசினியிலிருந்து அம்மா சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார். உண்மையிலேயே பசித்தது. போனேன்.