ஜெயராஜுக்கு ஒரு வளையம்

கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த சின்னக் கிறிஸ்தவத் தெருவில் கல்லறைத் திருநாள் வந்தால் எல்லார் வீட்டுக் கல்லறைக்கும் பூ வளையம் கட்டித் தருவது சாராள்தான். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் காகிதப் பூச் சுற்றியவள், தன் புருஷனுக்கு மட்டும் ஒரு பூகூடச் சுற்ற முடியாமல் பத்து வருஷம் இருந்தாள். புருஷன் செத்துவிட்டான் என்று சொல்ல மாமியார் விடவில்லை, அவ்வளவுதான் காரணம்.

அவனோடு அவள் குடித்தனம் செய்தது பதினோரு மாதம். அதற்குப் பிறகு ஜெயராஜ் மூட்டை தூக்க பர்மாவுக்கு, இரங்கோனுக்குக் கப்பலேறினான். நாற்பத்தொன்று டிசம்பரில் அங்கே குண்டு விழுந்தது. அதோடு கடிதம் நின்றது. கால்நடையாகத் தப்பி வந்தவர்களில் திருப்பாச்சூர்க்காரன் ஒருவன், அரக்கான் மலைப்பாதையில் ஒரு மரத்தடியில் ஜெயராஜ் காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்ததாகவும், கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை என்றும் வந்து சொன்னான். கேட்டவர்களுக்கெல்லாம் விஷயம் புரிந்துவிட்டது. மாமியார் ராகேலம்மாளுக்கு மட்டும் புரியவில்லை.

"கெடந்ததப் பாத்தேன்னுதான சொன்ன? பொதைச்சேன்னு சொன்னியா?" என்று அவனையே மடக்கினாள். அவன் வந்த வழியே போனான்.

அன்றிலிருந்து சாராள் சுமங்கலி. தாலி கழுத்திலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தலையில் பூ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழவி வாசலைத் தாண்ட விடமாட்டாள். "எம்புள்ள உசுரோட இருக்கான், நீ மொட்டத் தலையோட போய் அவன் ஆயுச கொறைக்காத" என்பாள். புருஷன் இல்லாத சுமங்கலியாகப் பத்து வருஷம் பூ வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று வைத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். விதவையாக இருந்திருந்தால் அந்தத் தெருவில் மறுகல்யாணம் உண்டு. மனைவியாக இருந்திருந்தால் புருஷன் உண்டு. சாராளுக்கு இரண்டும் இல்லை.

ராகேலம்மாள் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருமகள்மேல் ஒரு நாள் கை நீட்டியதில்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டு மருமகளுக்குத்தான். ஆனால் கண்ணில் புரை விழுந்து வெளிச்சமும் நிழலும் தவிர வேறு தெரியாது. வேறு பிள்ளை கிடையாது. கிணற்றுக்குப் போவதென்றால் சாராள், கொல்லைக்குப் போவதென்றால் சாராள். நெல்லறுக்கப் போன மருமகள் திரும்ப அரை மணி பிந்தினால் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.

ஐப்பசி பிறந்தால் இருவருக்கும் ஒரே வேலை. மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, அதன்மேல் வைக்கோல் பிரி சுற்றி, பச்சைக் காகிதம் ஒட்டி, சவுக்குத் தழை செருகி, பூக்களைக் கம்பியால் வரிசையாகக் கட்ட வேண்டும். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. அது அடைமழைக் காலம். வெறும் காகிதப் பூவை வைத்தால் ஒரு தூறலில் சாயம் ஓடிக் கல்லறை முழுக்க ஊதா வழியும். அதனால் ஒவ்வொரு பூவையும் உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். கோயிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுவர்த்திக் கட்டைகளை உபதேசியார் மாசிலாமணி வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்து கொடுப்பார். மெழுகு ரொம்பச் சுட்டால் காகிதம் கருகும், ஆறினால் பூவில் கட்டி தட்டும். அந்தப் பதம் ராகேலம்மாளின் விரலுக்குத்தான் தெரியும். விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, காம்பைப் பிடித்து, ஒரே முக்கில் எடுப்பாள். கண் தெரிந்தவர்கள் அப்படி எடுத்துப் பார்க்கட்டும்.

ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில் சாராளுக்கு இருபத்தொன்பது வயது. அந்த வருஷம் அவளுக்கு நெருப்பின்மேல் நிற்கிற அவசரம். ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்த சின்னராசு அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். பெண்டாட்டி டைபாய்டில் போய் மூன்று வருஷம் ஆகிறது, இரண்டு பெண் குழந்தைகள். அதிகம் பேசாதவன். அவள் வயலுக்குப் போகும்போது கேட்டை மூட வேண்டிய நேரத்திலும் அவள் தாண்டும்வரை பொறுத்திருப்பான். அவன் காதல் அந்த அளவுக்குத்தான் வாயைத் திறந்தது. ஆனால் சாராளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவனை ஜோலார்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். நவம்பர் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

திருவள்ளூரிலிருந்து வந்து போகிற பாதிரி ஐயரிடம் உபதேசியார் இதைச் சொல்லி யோசனை கேட்டார். ஐயர் ஒரு வழி சொன்னார். வெளியூரில் செத்துக் கல்லறை இல்லாமல் போனவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையில் வளையம் மாட்டிப் பேர் வாசிப்பது அந்த ஊர் வழக்கம். பெற்ற தாயே வந்து ஜெயராஜ் பேருக்கு வளையம் மாட்டினால் அவன் செத்தவன் என்று எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கத் தடையில்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால் நவம்பர் பதினெட்டு. சாராள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கிழவியைக் கேட்க வேண்டும். அதற்கு அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. கடைசியில் ஒரு மத்தியானம், வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தபோது, பூவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அத்தே, இந்த வருசம் அவுருக்கும் ஒரு வளையம் கட்டட்டா?"

ராகேலம்மாள் பூவை முக்கி எடுத்தாள். சொட்டு வடியும்வரை பிடித்திருந்தாள். பிறகு, "யார் கேட்டது, கேட்டுக்காரனா?" என்றாள்.

கண் தெரியாதவளுக்கு ஊரில் தெரியாதது எதுவுமில்லை.

"நான்தான் கேக்கறேன் அத்தே. அவுரு வரமாட்டாரு. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

"பூவக் குடு. மெழுகு ஆறிக்கினு போவுது" என்றாள் கிழவி. அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

அதற்கடுத்த மூன்று நாள் வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. சாராளுக்கு மூச்சு முட்டியது. கதவு திறந்துதான் கிடந்தது, ஆனால் அவள் எழுந்து நின்றாலே "எங்கடி போற?" என்ற குரல் வந்துவிடும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே தன் ஆயுள் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். நாலாம் நாள் காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிழவி தானாகவே சொன்னாள்.

"கட்டுடி."

"இன்னா அத்தே?"

"ஜெயராஜுக்கு ஒண்ணு கட்டு. நானே வந்து மாட்டறேன்."

சாராளுக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்தது. மகன் செத்தான் என்று ஒரு தாய் ஒப்புக்கொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறதே என்று வெட்கமும் வந்தது. கிழவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிழவி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். உண்மையாகத்தான் தடவினாள்.

அந்த வளையத்தைக் கட்ட சாராளுக்கு இரண்டு நாள் ஆனது. அவனுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று யோசித்தாள். தெரியவில்லை. எந்த நிறம் பிடிக்கும், அதுவும் தெரியவில்லை. முகத்தை நினைத்துப் பார்த்தாள். மீசையும் பீடி வாசனையும் வந்தன, கண் மட்டும் வரவே இல்லை. பதினோரு மாதத்தில் ஒருத்தி எவ்வளவுதான் தெரிந்துகொள்வாள்? இந்த மனுஷனுக்காகவா பத்து வருஷம் என்று கோபம் வந்தது. பிறகு மரத்தடியில் தனியாகக் கிடந்தவனை நினைத்து மனசு இளகியது. வெள்ளை ரோஜாவும் ஊதா ரோஜாவுமாக முப்பது பூச் சுற்றி, அந்தத் தெரு அதுவரை பார்க்காத வளையமாகக் கட்டினாள். ராகேலம்மாள் முப்பதையும் மெழுகில் முக்கினாள். ஒன்றில்கூடக் கட்டி தட்டவில்லை.

முதல் தேதி சாயங்காலம் வயலிலிருந்து திரும்பும்போது சாராள் கேட்டருகில் நின்றாள். "அத்தே ஒத்துக்கினாங்க. ஞாயித்துக்கெழம மொத ஓலை" என்றாள். சின்னராசு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பாப்பாங்க கிட்ட சொல்லிடறேன்" என்றான். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தூறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் தெருச்சனம் முழுக்கக் கூடியிருந்தது. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ராகேலம்மாள் சிலுவைவரை நடந்து வந்தாள். வளையத்தைத் தடவித் தடவி மாட்டினாள். "எம்புள்ள ஜெயராஜு இரங்கோனாண்ட செத்துப்போனான்" என்று உரத்த குரலில் சொன்னாள். கூட்டத்தில் பெண்கள் விம்மினார்கள். பிறகு அவள் கை சாராளின் கழுத்தைத் தேடியது. பத்து வருஷம் கழற்ற விடாத தாலியை அவளே கழற்றித் தன் மடியில் முடிந்துகொண்டாள். தலையிலிருந்த பூவையும் எடுத்தாள்.

உபதேசியார் பேர் வாசித்தார். நோட்டைத் திறந்து எழுதினார். கூட்டம் கலைந்த பிறகு சாராள் அவரிடம் போனாள்.

"ஞாயித்துக்கெழம ஓலை வாசிச்சிடுவீங்களா உபதேசியாரே?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "அது எப்படிம்மா முடியும்? ஐயர் தடையில்லேன்னாலும் தெரு வழக்கப்படி ஒரு வருஷம் துக்கம் இருக்கே."

"பத்து வருசம் ஆச்சே."

"நேத்து வரைக்கும் நீ தலையில பூ வச்சிக்கினு, கழுத்துல தாலியோட கோயிலுக்கு வந்தியே. துக்கம் எப்போ காத்தே? செத்தான்னு வளையம் விழற அன்னிக்குத்தான் துக்கம் தொடங்கும். உன் மாமியாருக்குத் தெரியுமே, அவ பெரியப்பா மவன் கொளும்புல செத்தப்போ இப்டித்தான் ஆச்சு. போன வாரம் நானே போய் ஞாபகப்படுத்தினேன். உங்கிட்டச் சொல்றேன்னு சொன்னாளே."

நாற்பது வீட்டுக்கு வளையம் கட்டுகிறவள், யார் வீட்டில் எந்தத் தேதியில் துக்கம் முடிகிறது என்று மனப்பாடமாகச் சொல்கிறவள், தன் கணக்கில் இப்படிக் கோட்டை விட்டாள். எல்லார் வீட்டிலும் துக்கம் சாவிலிருந்து தொடங்கியது. கல்லறை இல்லாத சாவு அவள் காலத்தில் அந்தத் தெருவுக்கு வரவேயில்லை.

சின்னராசிடம் போய்ச் சொன்னாள். "ஒரு வருசம் நான் காத்துக்கினு இருப்பேன் சாராளு. பொண்ணுங்கள யார் பாத்துக்குவாங்க? ஜோலார்பேட்டையில அக்கா ஒரு எடம் பாத்து வச்சிக்கினு பேஜாரு பண்ணுது" என்றான். நல்லவன்தான். ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. ஓலை வாசிக்காமல் கூட்டிக்கொண்டு போகிற ரகமும் இல்லை. அப்படிப் போகலாம் என்று சாராள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பான். அவள் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த நேரத்தில் தூரத்தில் ராகேலம்மாள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாராள் நேராகவே கேட்டாள்.

"இந்தத் துக்கக் கணக்கு ஒனக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியும்."

"அவுரு செத்தாருன்றதும்?"

"அது வந்து சொன்ன அன்னிக்கே தெரியும்டி. பெத்தவளுக்குத் தெரியாதா?" கிழவி குரல் உயர்த்தாமல் பேசினாள். "நீ போயிட்டா எனக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்காங்க? ஒரு வருசம்தான கேக்கறேன். அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன். அப்புறம் நீ எங்க வேணா போ, ராணி மாதிரி போ."

சாராள் அடுப்படியில் உட்கார்ந்தாள். போய்விடு, சீக்கிரம் போய்விடு என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. அது அவளுடைய குரலேதான். அதுவரை அவள் ஒரு ஜீவனுக்கும் சாவை வேண்டியதில்லை. அடுப்பை ஊதினாள். "இன்னாடி நெனைக்கிற?" என்றாள் கிழவி. "ஒண்ணுமில்ல அத்தே" என்றாள்.

தை மாதம் ஜோலார்பேட்டையில் சின்னராசுக்குக் கல்யாணம் ஆனதாகச் சேதி வந்தது. அந்த வருஷ ஐப்பசியில் சாராளுக்குத் துக்க வருஷம் முடிந்தது. கிழவி போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. கேட்க ஆளும் வரவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் இருவரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஊருக்கு வளையம் கட்டினார்கள். கிழவியின் விரல் ஒரு பூவைக்கூடக் கருக விடவில்லை. அவள் இருமினால் சாராள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, ஏன் கொடுத்தோம் என்று கொல்லையில் போய் நிற்பாள்.

ஐம்பத்தொன்பதில், பங்குனி வெயிலில், ராகேலம்மாள் தூக்கத்தில் போனாள். சாராளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அன்றைக்கு அவள் மண்ணில் புரண்டு அழுத அழுகையைத் தெரு அதுவரை பார்த்ததில்லை. நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. "பெத்த பொண்ணுகூட இப்டி அழமாட்டா" என்று வந்தவர்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். போன எட்டு வருஷத்துக்காக அழுகிறேன் என்று சாராள் அவர்களிடம் எப்படிச் சொல்வாள்?