மெதுவாகக் கதைக்கும் இத்தாலி

வியாழக்கிழமை அசர் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரண அறிவித்தலில் மன்சூர் காக்காவின் பெயரைச் சொன்னது. இரண்டாம் முறை சொல்லும்வரை நான் நம்பவில்லை. அவருடைய தறியில் நெய்த சாரனை உடுத்தாத ஆண்பிள்ளை மருதமுனையில் இல்லை. ஆகவே அவர் யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரே மகள் நஸீராவுக்கு முன்வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் பின்வளவில் தறிக்கொட்டிலோடு ஒட்டிய அறையில் இருந்தார். மனைவி மௌத்தான பிறகு தனியே. மகளும் மருமகனும் இத்தாலிக்குப் போனார்கள். முன்வீடு பூட்டிக் கிடந்தது. பேத்தி இத்தாலியிலேயே பிறந்தவள், ஐந்து வயது, தமிழில் ஒரு சொல் வராது. தொலைபேசித் திரையில் அவள் மளமளவென்று கதைப்பாள். இவர் சிரித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் கொப்பியும் பென்சிலுமாக என் சைக்கிள் கடைக்கு வந்தார்.

“தம்பி, நீங்க இத்தாலியில இரிந்த மனிசன். நான் மௌத்தாகிறத்துக்கு முந்தி அந்தப் புள்ள என்னைத் தெரிஞ்சிரிக்கணும். அந்தப் பாசையைச் சொல்லித் தாங்க.”

வேறு யாரிடம் போவார்? நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு பெரிய உணவகத்தையே நடத்தியவன், மூன்று சமையல்காரர்கள் என் கண்ணசைவுக்குக் காத்திருந்தார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் ஊர் மதிக்கும் மனிதர் பாடம் கேட்கிறார். விடுவேனா?

ஆக்குவா என்றால் தண்ணீர். கிராத்சியே என்றால் நன்றி. பானே என்றால் பேக்கரிப் பாண் என்றதும், “அப்ப நம்மட பாணைத்தான் கொண்டு போயிரிக்கானுகள்” என்று சிரித்தார். தறியில் நாடா போய் வரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார். ‘வியேனி குவா’ என்றால் இங்கே வா, ‘சூபித்தோ’ என்றால் உடனே என்று வசனத்துக்குப் போனபோதுதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன்.

“சத்தமாச் சொன்னாத்தான் இத்தாலிக்காரனுக்கு விளங்கும் காக்கா. தொண்டையைத் தொறங்க.”

தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தாத மனிதர் கத்திப் பழகினார். நெசவுக்கு வரும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பேத்தி திரையில் வந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். “வியேனி குவா! சூபித்தோ!” என்றார், நான் சொல்லிக் கொடுத்த அதே குரலில். பிள்ளையின் முகம் கோணியது. ஓடிவிட்டாள். நஸீராவின் முகம் வந்தது.

“வாப்பா, புள்ளைய ஏன் ஏசுறீங்க? பயந்து அழுறா.”

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தொலைபேசிக்கு முன்னால் வரவேயில்லை. மறுநாள் காக்கா கொப்பியோடு கடைக்கு வந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

“தம்பி, மெதுவாக் கதைக்கிற இத்தாலி இல்லையா?”

“இல்ல காக்கா. அங்க எல்லாரும் அப்பிடித்தான்” என்றேன்.

அந்த உணவகத்தின் குசினியில் நான் பதினொரு மாதம் கோப்பை கழுவினேன். எனக்குத் தெரிந்த இத்தாலி முழுக்க என் பிடரிக்குப் பின்னால் நின்று முதலாளி கத்தியது. மெதுவான பேச்சு மேசைகளில் நடந்திருக்கும்; என்னை அங்கே விடவில்லை. இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவர் பக்கத்துக் கல்முனையில் வேறொருவரைத் தேடிப் போயிருப்பார். சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு பாடம் கேட்டு வரவில்லை.

வியாழக்கிழமை காக்காவின் மையித்தைக் குளிப்பாட்ட முன்வீட்டைத் திறக்கச் சொன்னார்கள். சாவி இத்தாலியில். அவர் கட்டிய வீட்டின் சுவருக்குப் பின்னால் சீலை கட்டிக் குளிப்பாட்டினோம். நஸீரா தொலைபேசியில் பார்த்து அழுதாள். வந்தவர்கள் மகள் நல்ல இடத்தில் இருப்பதைப் பெருமையாகக் கதைத்தார்கள். காக்காவுக்கு இத்தாலிப் பாசை படிப்பித்தது நான்தான் என்று நானும் சொன்னேன். இந்த வாய் அங்கேயும் அடங்கவில்லை.

தறிக்கொட்டிலில் கிடந்த அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தமிழ் எழுத்தில் இத்தாலி. கடைசித் தாளில் பேத்தியிடம் சொல்ல ஒரே வரி: ‘கொஞ்ச நேரம் மூத்தவாப்பாக்கிட்ட இரிங்க மகள்.’ வலப்பக்கம் எனக்காக விட்டு வைத்திருக்கிறார். அவர் விட்டுப்போனதில் என் பங்கு அந்த வெற்று இடம்தான். அதில் எழுத எனக்குத் தெரியாது. அந்தக் குசினியில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.